பலூனுக்கு அடியில் ஒரு நூல் வெள்ளை

ஓய்வு பெற்ற பிறகு சிவஞானம் எட்டு மாதம் கட்டிலிலேயே கிடந்தார். நோய் எதுவும் இல்லை. காய்ச்சல் இல்லை, சர்க்கரை இல்லை, நெஞ்சில் சளி இல்லை. அவர் மனைவி நீலாவதி அந்தமானில் ரங்கத் என்ற ஊரில் ஆஸ்பத்திரி ஆயா. டாக்டரிடம் சொல்லி எல்லாவற்றையும் பார்க்க வைத்துவிட்டாள். உடம்பு இரும்பு மாதிரி இருக்கிறது என்றார் டாக்டர்.

இரும்பு மாதிரி இருந்தால் எழுந்து நடக்க வேண்டாமா? நீலாவதிக்கு எரிச்சலாக வந்தது. இப்படிப் படுத்துப் பழகிய ஆண்களை அவள் வார்டில் நிறையப் பார்த்திருக்கிறாள். முதலில் தாடி வளரும். அடுத்து, குளியல் இரண்டு நாளுக்கு ஒருமுறை ஆகும். அப்புறம் கெண்டைக்கால் சதை வற்றும். ஒரு நாள் எழுந்து நிற்கப் பார்த்தால் கால் கேட்காது. அதன் பிறகு அந்த ஆளைப் புரட்டிப் போட ஒருத்தி வேண்டும். அந்த ஒருத்தி யார் என்பதில் நீலாவதிக்குச் சந்தேகமே இல்லை.

சிவஞானம் ராமநாதபுரத்துக்காரர். ஜப்பான்காரன் தீவைவிட்டுப் போன மறுவருஷம் கப்பலேறி வந்து போர்ட் பிளேரில் போலீஸ் ஆயுதக் கிடங்கில் சேர்ந்தவர். இருபத்து மூன்று வருஷம் துப்பாக்கியைத் தவிர வேறு எதையும் தொட்டதில்லை. துடைப்பார், எண்ணெய் போடுவார், குறி பார்க்கும் தகட்டைச் சரிசெய்வார். சரிசெய்த ஒவ்வொரு துப்பாக்கியையும் மைதானத்துக்கு எடுத்துப்போய்த் தானே சுட்டுப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவார். குறி பார்ப்பதற்கு அங்கே சிஸ்து என்று பெயர். அதற்கு ஒரு முறை இருந்தது. சுட வேண்டிய கறுப்பு வட்டத்தின் நடுவில் குறி வைக்கக் கூடாது. வட்டத்துக்கு அடியில், ஒரு நூல் அளவு வெள்ளை தெரியும்படி வைக்க வேண்டும். துப்பாக்கியின் முனையில் இருக்கும் முன்குறியும் கறுப்பு. கறுப்பின் மேல் கறுப்பை வைத்தால் கண்ணுக்குத் தெரியாது, வெள்ளையின் மேல் வைத்தால் பளிச்சென்று தெரியும். அப்படி அடியில் வைத்துச் சுட்டால் குண்டு நடுவில் போய் விழுகிற மாதிரி பின்குறித் தகட்டை உயர்த்தித் திருகி வைத்திருப்பார்கள். இது தெரியாதவனை சிவஞானம் மனிதனாகவே மதிப்பதில்லை.

நீலாவதிக்கு ரங்கத்துக்கு மாற்றல் வந்தபோது அவரும் ஓய்வு பெற்று அவளோடு வந்தார். வந்த இடத்தில் துப்பாக்கி இல்லை. கட்டில் இருந்தது.

அந்த வருஷம், எழுபதாம் வருஷம், அறுப்பு முடிந்து ஜனவரியில் மூன்று நாள் மேளா என்ற திருவிழா. பள்ளிக்கூட மைதானத்தில் கடைகளுக்கு இடம் பிரித்துக் கொடுக்கும் பொறுப்பு ஜெய்னுதீனிடம் இருந்தது. தொண்டிப் பக்கத்துக்காரர், கடைத்தெருவில் சாமான் கடை வைத்திருந்தார். நீலாவதி நேரே அவரிடம் போனாள்.

“பாய், இவருக்கு ஒரு பலூன் கடை போட இடம் குடுங்க. ஏர்கன் சுடுற கடை.”

“அண்ணனா? கடைக்கு வந்து நிப்பாரா, மதினி?”

“துப்பாக்கின்னா நிப்பாரு. மூணு நாள் நின்னாருன்னா போதும், பொறவு நான் பாத்துக்கிறேன்.”

“மூணு நாள் எதுக்கு? கூட்டம் சேந்து, சண்டை சச்சரவு இல்லாம நடந்துச்சுன்னா வாராவாரம் சந்தையிலயே இடம் தந்துர்றேன். இந்த ஊருல சனத்துக்குப் பொழுதுபோக்க என்ன இருக்கு?”

வாராவாரம் என்ற சொல் நீலாவதிக்கு மருந்துச் சீட்டு மாதிரி இருந்தது. சென்னைக் கப்பலில் இரண்டு ஏர்கன் வரவழைத்தாள். பொட்டலத்தைப் பிரித்த அன்று சிவஞானம் கட்டிலைவிட்டு இறங்கினார். மறுநாள் தானாகவே முகம் மழித்துக்கொண்டார்.

பலூன் கடை எப்படி இருக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். பலகை நிறையப் பலூனை நெருக்கமாக அடித்திருப்பார்கள். ஆறு தப்படி தூரம் இருக்கும். முழங்கையை ஊன்றிக்கொள்ள மேஜை இருக்கும். கண்ணை மூடிக்கொண்டு சுட்டாலும் ஒன்றாவது வெடிக்கும். சிவஞானம் போட்ட கடை அப்படி இல்லை. கயிறு பிடித்து அளந்து பதினைந்து தப்படிக்குக் கோடு போட்டார். பலகையில் வெள்ளைத் துணியை இழுத்துக் கட்டி, ஒன்றுக்கொன்று ஒரு சாண் இடைவெளிவிட்டுப் பன்னிரண்டே பன்னிரண்டு பலூன். எல்லாம் சாத்துக்குடி அளவு. பெரிதாக ஊதினால் திட்டினார். இரண்டு துப்பாக்கிகளின் பின்குறியையும் போலீஸ் முறைப்படி அவரே திருகி வைத்தார்.

“ஏங்க, அந்த மேஜைய முன்னாடி இழுத்துப் போடட்டா?” என்றாள் நீலாவதி.

“எதுக்கு?”

“கைய ஊனிக்கத்தான். மொதத் தடவை துப்பாக்கியப் பிடிக்கிறவனுக்குக் கை ஆடாதா?”

“ஆடட்டும். ஆடுறது தெரிஞ்சாத்தானே நிறுத்தப் பழகுவான்? வயல்ல மான் வந்து நெல்லைத் திங்கிறப்ப மேஜையத் தூக்கிக்கிட்டா ஓடுவான்?”

“அவுக மான் சுட வரல. பலூன் உடைக்க வந்திருக்காக.”

“துப்பாக்கி என்ன வெளாட்டுச் சாமானா?”

“வெளாட்டுக்குத்தானே கடை போட்டிருக்கோம்!”

அவர் துணியை எடுத்துக் குழலைத் துடைக்கத் தொடங்கினார்.

முதல் நாள் கூட்டம் வந்தது. சுட்டது. போனது. எவன் பலூனைப் பார்த்துச் சுட்டாலும் குண்டு அதன் தலைக்கு மேல் போய்த் துணியில் விழுந்தது. சிவஞானம் கோட்டின் ஓரத்தில் நின்று தொண்டை வறளக் கத்தினார். “அடியில பிடி! பலூனைப் பாக்காத, அடியில பாரு! ஒரு நூல் வெள்ளை தெரியணும்! மூச்சை விடாத!” காட்டிலாகாவில் வேலை செய்யும் ஒருத்தன் துப்பாக்கியை இறக்கிவிட்டுப் பக்கத்தில் நின்றவனிடம் சொன்னது நீலாவதியின் காதில் விழுந்தது. “பாத்தியா பையா, கீழ சுடச் சொல்றான். நம்ம தப்பணும்னே சொல்றான். எந்தக் கடைக்காரன் நம்மள ஜெயிக்க வெப்பான்?” என்று சொல்லிவிட்டு அவன் இன்னும் கொஞ்சம் மேலே தூக்கிச் சுட்டான்.

சாயங்காலம் கணக்குப் பார்த்தபோது அன்றைக்கு உடைந்தது நாலு பலூன். அதில் இரண்டு வெயிலில் தானாக வெடித்தவை. பரிசுக்கு வைத்த சீப்பு, கண்ணாடி, பிஸ்கட் பொட்டலம், அலுமினியத் தூக்கு எல்லாம் வைத்த இடத்திலேயே இருந்தன. ஜெய்னுதீன் வந்து எட்டிப் பார்த்தார்.

“அண்ணே, சனம் சிரிச்சிக்கிட்டுப் போகணும்ணே. எல்லாம் மொறைச்சிக்கிட்டுப் போகுது.”

“இது சர்க்கஸ் இல்ல பாய்,” என்றார் சிவஞானம். “சொன்னபடி பிடிச்சா விழும். காது கேக்காதவனுக்கு நான் என்ன பண்ணட்டும்?”

நீலாவதி பல்லைக் கடித்துக்கொண்டு பலூன்களின் காற்றை இறக்கினாள். மனுஷன் மழித்த முகத்தோடு நாள் முழுக்க நின்றிருக்கிறார். கால் நன்றாக இருக்கிறது. குரல் மைதானத்தின் அந்தக் கோடி வரை போகிறது. மருந்து வேலை செய்கிறது. நோயாளியோ மருந்துப் புட்டியை உடைக்கப் பார்க்கிறார்.

இரண்டாம் நாள் காலையும் அதே கதைதான். பதினோரு மணிக்கெல்லாம் கடை முன் ஈ ஆடியது. பக்கத்து ராட்டினத்தில் வரிசை வளைந்து நின்றது. மத்தியானம் சிவஞானம் சாப்பிட வீட்டுக்குப் போனார். அவர் தலை மைதான வாசல் வளைவைத் தாண்டியதும் நீலாவதி அவருடைய டப்பாவிலிருந்து சின்னத் திருப்புளியை எடுத்தாள். முந்தின வாரம் அவர் திருகுவதைக் கூடவே இருந்து பார்த்தவள். பின்குறித் தகட்டின் திருகை ஒன்றரைச் சுற்று இறக்கினாள். ஒரு குண்டைப் போட்டுப் பலூனின் வயிற்றைப் பார்த்துச் சுட்டாள். டப் என்றது. இன்னொரு துப்பாக்கிக்கும் அதையே செய்தாள். மேஜையை இழுத்துக் கோட்டருகே போட்டாள்.

அரை மணியில் கடை நிறைந்துவிட்டது. ஒரு வங்காளி அம்மா சேலைத் தலைப்பைச் செருகிக்கொண்டு மூன்றுக்கு மூன்று உடைத்து, தூக்கைத் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு மைதானத்தைச் சுற்றி வந்தாள். ஹரிபத மண்டல் என்ற வங்காளிக் குடியேற்ற விவசாயி இரண்டு உடைத்தான். பயிரைத் தின்னும் மானை விரட்ட அரசாங்கத்தில் அனுமதி வாங்கி ஒற்றைக்குழல் துப்பாக்கி வைத்திருக்கும் ஆள், அதனால் அவனுக்கு வேட்டைக்காரன் என்று ஒரு பெயர். “என் சாலாவைக் கூட்டிட்டு வரேன், அவன் பாக்கணும்,” என்று மைத்துனனைத் தேடி ஓடினான். நீலாவதிக்குப் பலூன் ஊதி ஊதிக் கன்னம் வலித்தது.

சிவஞானம் திரும்பி வரும்போது தூரத்திலிருந்தே டப் டப் என்று கேட்டது. நடையை எட்டிப் போட்டார். கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தவர் முகத்தைப் பார்த்ததும் நீலாவதி ஊதிக்கொண்டிருந்த பலூனைக் கைவிட்டாள். அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

“பாத்தியா புள்ள! நேத்துச் சொன்னது இன்னைக்குத்தான் மண்டையில ஏறியிருக்கு!” சுட்டுக்கொண்டிருந்தவன் முதுகில் தட்டினார். “ஷாபாஷ்! அடியில பிடிச்சியா?”

“இல்லியே. நேராப் பலூனைத்தான் பாத்தேன்,” என்றான் அவன்.

சிரிப்பு நின்றது. அவன் கையிலிருந்து துப்பாக்கியை வாங்கினார். நின்ற வாக்கில் தூக்கி, மூச்சைப் பிடித்து, ஒரு குண்டு சுட்டார். பலூனுக்குக் கீழே துணியில் ஓட்டை விழுந்தது. துப்பாக்கியைத் திருப்பிப் பின்குறியைப் பார்த்தார். பிறகு நீலாவதியைப் பார்த்தார்.  டப்பாவைத் திறந்து திருப்புளியை எடுத்தார். இரண்டு துப்பாக்கிகளையும் ஒன்றரைச் சுற்று ஏற்றினார். மேஜையை ஒரு கையால் பின்னுக்கு இழுத்துவிட்டார்.

“வேணாங்க,” என்றாள் நீலாவதி மெதுவாக. “இப்பத்தான் கூட்டம் வருது.”

“கோணல் துப்பாக்கிய வெச்சுக் கூட்டம் சேக்கிற பொழப்பு எனக்கு வேணாம்.”

சரியாக அந்த நேரத்தில் மண்டல் மைத்துனனோடு வந்து சேர்ந்தான். வரும்போதே பேச்சு. காட்டில் ஓடுகிற மானையே சுடுபவனுக்கு நிற்கிற பலூன் எம்மாத்திரம் என்றான். மூன்று குண்டு வாங்கிச் சுட்டான். மூன்றும் மேலே போயின. இன்னும் மூன்று. பிறகும் மூன்று. ஒன்பதாவது குண்டும் துணியில் விழுந்ததும் மைத்துனன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். மண்டல் துப்பாக்கியை மேஜைமேல் போட்டான்.

“பந்தூக் டேடா ஹை!” என்று கத்தினான். துப்பாக்கி கோணல் என்பது யாருக்கும் மொழிபெயர்க்கத் தேவைப்படவில்லை. “ஒரு மணிக்கு விழுந்துச்சு, மூணு மணிக்கு விழல! பரிசு தீருதுன்னு பாத்து முறுக்கி வெச்சுட்டான்!”

முதல் நாள் தப்பவிட்டவர்கள் எல்லோரும் ஆளுக்கு ஒன்று சொல்ல ஆரம்பித்தார்கள். ஜெய்னுதீன் ஓடி வந்தார். சிவஞானத்தின் கழுத்து நரம்பு புடைத்தது. இருபத்து மூன்று வருஷத்தில் அவர் சரிசெய்த துப்பாக்கி ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. அவரைப் பார்த்து முறுக்கி வைத்தான் என்கிறான் ஒருத்தன்.

“வைஸ் கொண்டாங்க,” என்றார். “இப்பவே எல்லார் முன்னாலயும் காட்டுறேன்.”

மரக்கடையிலிருந்து வைஸ் வந்தது. மேஜையில் பூட்டினார்கள். இரும்புத் தாடை துப்பாக்கியைக் கவ்விக்கொண்டால் கை ஆட்டம், மூச்சு எதுவும் கிடையாது. வைத்த குறி வைத்தபடி நிற்கும். நீலாவதிக்கு நடக்கப் போவது தெரிந்துவிட்டது. “ஏங்க, வேணாம், கேளுங்க,” என்று சட்டையைப் பிடித்து இழுத்தாள். அவர் உதறினார்.

“குறிய நானே வெப்பேன்,” என்றான் மண்டல்.

“வை. ஆனா அடியில வை.”

“ஏன் அடியில? நான் பலூனைச் சுடணும், துணிய இல்ல.”

குனிந்து பார்த்து, முன்குறியைப் பலூனின் நடு வயிற்றில் நிறுத்தி இறுக்கினான். ஜெய்னுதீனும் ஒரு கண்ணை மூடிப் பார்த்து, நடுவில்தான் இருக்கிறது என்றார். மூன்று குண்டு. மூன்றும் பலூனின் தலைக்கு மேலே, ஒரே இடத்தில், துணியைக் கிழித்தன. கூட்டம் ஓவென்றது.

“இருங்க, இருங்க!” சிவஞானம் கையை உயர்த்தினார். “இது தப்பான சிஸ்து. இப்பப் பாருங்க.” வைஸைத் தளர்த்தி, குறியைப் பலூனுக்கு அடியில் வெள்ளைத் துணிக்கு இறக்கி, இறுக்கிச் சுட்டார். பலூன் வெடித்தது. “பாத்தீங்களா?” என்று சுற்றிலும் பார்த்தார். முகத்தில் அப்படி ஒரு வெற்றி.

கூட்டம் பார்த்தது வேறு. பலூனைப் பார்த்துச் சுட்டால் பலூன் உடையவில்லை. துணியைப் பார்த்துச் சுட்டால் பலூன் உடைகிறது. கோணல் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? அதையும் கடைக்காரனே தன் கையால் காட்டியிருக்கிறான். சிரிப்பும் கூச்சலும் அடங்க நேரமாயிற்று. அந்த மனிதருக்கு ஏன் சிரிக்கிறார்கள் என்றே புரியவில்லை. திரும்பத் திரும்ப, “போலீஸ்ல இதான் முறை, போய்க் கேட்டுப் பாருங்க,” என்றார்.

“அதெல்லாம் சரிண்ணே,” என்றார் ஜெய்னுதீன். “மத்தியானம் மட்டும் எப்படி நேரா விழுந்துச்சு? அதுக்கு என்ன சொல்றீங்க?”

சிவஞானத்துக்குச் சொல்ல ஒரு வாக்கியம் போதும். ஆனால் சொல்லவில்லை. நீலாவதிக்கு அதுவும் எரிச்சலாகத்தான் இருந்தது.

“மத்தியானம் திருகுனது நான்,” என்றாள். “இவரு சோத்துக்குப் போனப்ப இறக்கி வெச்சேன். வந்து பாத்துட்டு ஏத்தி வெச்சாரு. பரிசுக்காக இல்ல. இவரு வெச்சிருக்கிறது போலீஸ் குறி. எனக்கு அது வேணாம்னு தோணுச்சு. யாருக்கும் ஒண்ணும் விழல, அதான்.”

மண்டல் அவளையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தான். “அரே, அப்ப வீட்டுச் சண்டையா?” என்றான். பாதிக் கோபம் அங்கேயே கரைந்துவிட்டது.

ஜெய்னுதீன் யோசித்தார். “மதினி வெச்ச குறியிலயே வெய்ங்க. திருகு மேல அரக்கு ஊத்தி என் கடை முத்திரைய வெக்கிறேன். யாரும் தொடக் கூடாது, அண்ணனும் சரி, மதினியும் சரி. அப்படின்னா நாளைக்கும் கடை நடக்கட்டும், சந்தையிலயும் இடம் உண்டு. இல்லன்னா இப்பவே பலகையக் கழட்டிருங்க.”

“கோணலாக்கி அதுமேல முத்திரை வேற வெப்பீங்களா?” என்றார் சிவஞானம். “அதுக்குப் பேரு துப்பாக்கி இல்ல பாய், ஊதுகுழலு.” திருப்புளியை டப்பாவில் போட்டு மூடிவிட்டு வீட்டைப் பார்த்து நடந்தார்.

நீலாவதி அரக்கு வைக்கச் சொன்னாள்.

வீட்டுக்கு வந்தபோது அவர் கட்டிலில், சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். சோற்றை வைத்தாள். தொடவில்லை. காலையிலும் எழவில்லை. “ஏங்க, நான் செஞ்சது தப்புத்தான். எந்திரிங்க,” என்றாள். அவர் போர்வையை இழுத்து மூடிக்கொண்டார். “அப்ப கெடங்க,” என்றாள். மேளாவுக்குப் போகிற வழியெல்லாம் யாரைத் திட்டுகிறோம் என்று தெரியாமல் திட்டிக்கொண்டே போனாள். இடம் கிடைத்துவிட்டது, எதற்காக அந்த இடமோ அந்த ஆள் கட்டிலில் கிடக்கிறார். இரண்டு துப்பாக்கியையும் கிணற்றில் போட்டுவிடலாம் போலிருந்தது.

மூன்றாம் நாள் கூட்டம் நெரிந்தது. அரக்கு முத்திரையைத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் சுட்டார்கள். எல்லோருக்கும் கை நேராகிவிட்டது. பதினோரு மணி வாக்கில் குண்டு கொடுக்கக் கையை நீட்டிய நீலாவதி நிமிர்ந்து பார்த்தாள். வரிசையில் மண்டலுக்குப் பின்னால், மழிக்காத முகத்தோடு, சிவஞானம் நின்றுகொண்டிருந்தார்.

மற்றவர்களுக்குக் கொடுத்தது போலவே அவருக்கும் மூன்று குண்டு கொடுத்தாள். அவரும் வேற்று ஆளைப் போல வாங்கிக்கொண்டார். முழங்கையை மேஜையில் ஊன்றவில்லை. மூன்று குண்டும் பலூனுக்குக் கீழே போய் விழுந்தன. மூன்று ஓட்டையையும் ஒரு நாலணாக் காசால் மூடிவிடலாம், அவ்வளவு நெருக்கம். பலூன் அப்படியே ஆடிக்கொண்டிருந்தது.

“கொஞ்சம் மேல பிடிங்க தாதா,” என்று அண்ணன் முறை வைத்துச் சொன்னான் மண்டல், பெரிய மனது பண்ணி. “நேராப் பலூனைப் பாருங்க.”

“எனக்குச் சொல்லித் தர்றியா? துப்பாக்கி கோணல்டா!”

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. அவர் இன்னும் மூன்று கேட்டார். கொடுத்தாள். அதே இடம். இன்னும் மூன்று. அதே இடம். ஒரு விரற்கடை மேலே தூக்கினால் போதும், தூக்கவில்லை. ஒன்பது குண்டில் ஒரு பலூன்கூட உடையாததால் நீலாவதி பரிசு எதுவும் தரவில்லை. அவரும் கேட்கவில்லை. ஆனால் போகவும் இல்லை. கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்று, சுடுகிற ஒவ்வொருத்தனிடமும் தோளை இறக்கு, மூச்சைப் பிடி, இதெல்லாம் துப்பாக்கியே இல்லை என்று சாயங்காலம் வரை சொல்லிக்கொண்டிருந்தார். கால் வலிக்கிறது என்று ஒருமுறைகூட உட்காரவில்லை.

சந்தையில் இடம் கிடைத்தது. வாராவாரம் நீலாவதி தன் லீவு நாளில் கடை போட்டாள். பலூன் ஊதுவது அவள், குண்டு போடுவது அவள், பரிசை எடுத்துக் கொடுப்பது அவள். சிவஞானம் வீட்டில் துப்பாக்கிகளைத் துடைத்து எண்ணெய் போடுவார், அரக்கைத் தொட மாட்டார். கடைக்குப் பலகையைத் தூக்கி வருவார், கட்டித் தருவார், பிறகு கயிற்றைத் தாண்டி வெளியே போய் நின்றுகொள்வார். அது தன் கடை இல்லையாம். நீலாவதியோடு பேச்சு நின்று போயிற்று. மழை தொடங்குகிற வரை சாடையில்தான் எல்லாம். ஆறு மாதம் கழித்து அவள் அவருடைய கெண்டைக்காலைப் பார்த்தாள். சதை கல் மாதிரி இருந்தது. சரி என்று நினைத்துக்கொண்டாள். அடுத்த நிமிடமே, இந்தக் காலை வைத்துக்கொண்டு இப்படி வந்து நான்கு பலூன் ஊதக் கூடாதா என்று ஆத்திரம் வந்தது.

ஒரு நாள் ஜெய்னுதீன் பலூன் பொட்டலம் கொண்டுவந்தார். கயிற்றோரம் ஒருத்தனிடம் மூச்சைப் பற்றிக் கத்திக்கொண்டிருந்த சிவஞானத்தைப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தார்.

“மதினி, அண்ணன் எப்பத்தான் உள்ள வருவாரு? நான் வேணா பேசிப் பாக்கட்டா?”

“உள்ள வந்தாருன்னா சனம் வெளிய போயிரும், பாய்,” என்றாள் நீலாவதி. “அங்கயே நிக்கட்டும். நீங்க அந்தப் பொட்டலத்தப் பிரிங்க, எனக்கு ரெண்டு கைதான் இருக்கு.”